சுழி

கொக்குவில் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி
என் போட்டோக்கொப்பிக் கடை.
பள்ளிக்கூடம் விட்டால் மெசின் சூடாகும்.

முதலாம் ஆண்டுக்கு வாசிப்புச் சோதனை
திங்கட்கிழமை என்று அறிவித்த அன்று
ஒரு தாய் வந்தார், ஸ்கூட்டியை நிறுத்தாமலே.
போன வருசத் தாள், நாலாக மடித்தது,
கைப்பைக்குள்ளிருந்து மருந்துத் துண்டைப் போல வெளியே வந்தது.
"ஒரு கொப்பி. ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையுங்கோ."
அரை மணித்தியாலத்தில் அதே தாளோடு இன்னொருவர்.
அவருக்கும் ஒருத்தருக்கும் காட்டக்கூடாது.
இருட்டுவதற்கு முதல் நாற்பத்துமூன்று கொப்பி.
வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்தான்.

'அணில் மரத்தில் ஏறியது.
அதன் முதுகில் மூன்று கோடு.'
இப்படிப் பத்து வரி. கீழே அணிலின் படம்.
கொப்பிக்குக் கொப்பி கறுத்துக் கறுத்து
கடைசியில் அது எலியாகிப் போயிருந்தது.

மை பூசுப்பட்ட ஒன்றை மட்டும்
சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.
விற்க ஏலாத தாள்.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வதனிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
"அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சோதினையே பிழை,
அதுக்குள்ள நீங்கள் களவும் பழக்கிறியள்" என்றாள் போனில்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"மற்றதுகள் எல்லாம் பாத்திட்டுத்தான் வருங்கள், என்ன?"
யாரோ நோயாளி கூப்பிட, வைத்துவிட்டாள்.

மூன்று இரவு.
மிதுசா விரலை வைத்து வாசித்தாள்.
முதல் நாள் விரல் முன்னே போனது, வாய் பின்னே வந்தது.
பிறகு வாய் முன்னே, விரல் எங்கேயோ.
மூன்றாம் இரவு, ஆறாம் வரியில், கறண்ட் போனது.
நான் மெழுகுதிரி தேடினேன்.
அவள் நிற்கவில்லை.
ஏழாம் வரி. எட்டாம் வரி.
கும்மிருட்டில் அணில் மரத்தால் இறங்கி
பழம் தின்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.
"முடிஞ்சுது அப்பா."
நெருப்புக்குச்சி என் கையில் இருந்தது.
தட்டவில்லை.

'சரளமாக வாசிக்கிறார்' என்று
ரெஜினா ரீச்சர் எழுதி அனுப்பியிருந்தார், நட்சத்திரமும் ஒட்டி.
முப்பத்தெட்டுப் பேருக்கும் நட்சத்திரமாம்;
ஒட்டுகிறது முடிந்துபோய்
கடைசிப் பிள்ளைகளுக்குச் சிவத்தப் பேனையால் கீறினாராம்.

வியாழன் பின்னேரம் கடைக்கு அவளும் வந்திருந்தாள்.
இணுவிலில் ஒரு செத்தவீடு, நூறு நோட்டீஸ், அவசரம்.
மூத்த மகன் கனடாவில் இருந்து வட்சப்பில் பார்த்து
ஓகே போட்டார். மருமகன் பார்த்தார்.
நான் இரண்டு தரம் பார்த்தேன்.
அறுபதாவது தாள் விழும்போது
மேசைக்குக் கீழே இருந்து
"க... ண்... ணி..."
நின்றாள். திரும்பவும் தொடக்கத்துக்குப் போனாள்.
"க. ண். ணி. ர்."
"கண்ணீர் பிள்ளை" என்றேன், குனிந்து பார்க்காமல்.
"இல்லை அப்பா. இதுக்குச் சுழி இல்லை."

மெசினை நிறுத்தினேன்.
இல்லைத்தான்.
கறுப்புக் கட்டத்துக்குள், ஆகப் பெரிய எழுத்தில்,
ஒரு சுழி குறைந்து கிடந்தது கண்ணீர்.
பாடமாகிப்போன சொல்லை
எங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை.
வாசிக்கத் தெரியாதவள் வாசித்திருந்தாள்.

அறுபது தாள் நட்டம்.
பின்பக்கத்தில் எல்லாம் அவள் எலி கீறினாள்.
கேட்டதற்கு, அணில் என்றாள்.

நேற்று அடுத்த தவணைத் தாளோடு
அதே ஸ்கூட்டி.
"ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையுங்கோ."
காசை வாங்கி லாச்சிக்குள் போட்டேன்.
இந்த முறையும் ஒரு கொப்பி பழுதாக விழுந்தது.
கசக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை,
மெசினுக்கு மேலே கிடக்கிறது,
இன்னும் சூடாக.